அரிதட்டின் மேல் நின்றது

கார்த்திகை மழைக்கு
என் மிளகாய்ப் பாத்தி தட்டுப்போலத் தண்ணி ஏந்தியது.
ஆறு நாள் வானத்தை வைத்துக்கொண்டிருந்தது.
ஏழாம் நாள் ஒரு கன்றைப் பிடுங்கினேன்.
வேர் இல்லை. வேர் இருந்த இடத்தில்
கழற்ற மறந்த ஈரச் சப்பாத்தின் மணம்.

அக்கராயன் களி அப்படி.
மாரியில் செருப்பைப் பிடித்துக்கொள்ளும்,
கோடையில் வாய் பிளக்கும்.
அந்த வெடிப்புக்குள் ஒருக்கா வீட்டுத் திறப்பே போனது.

மணல் போட்டால் இளகும் என்று நானே முடிவெடுத்தேன்.
குகநேசனின் மிசின் விடியப்புறம் வந்தது.
பெர்மிட் ஆரிடம் என்று நான் கேட்கவில்லை,
அவன் விலையைக் குறைக்கவில்லை.
படலையடியில் அரை லோட்,
அரித்த மாப்போல, நிலவில் வெள்ளை.
தையல் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டுக்
கிழக்குப் பாதியில் கொத்தினேன், பரப்பினேன்,
மிதித்து மிதித்துப் பிசைந்தேன்.
ரொட்டிமாவுக்குக்கூட அவ்வளவு பாடுபட்டதில்லை.

மாசி வெயிலில் மண்வெட்டி
பாத்தியில் பட்டு எகிறிக் கிண்ணென்றது.

வேலிக்கு அங்கால் செங்கல் அறுக்கும் தவமலர்
இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.
"களிக்கு நானும் இவ்வளவு மணல்தான் சேர்க்கிறனான்.
இனிச் சூளை மூட்ட வேண்டியதுதான்."
அலவாங்கால் ஒரு துண்டு பெயர்த்துக்
காதோடு வைத்துத் தட்டிப் பார்த்தாள்.
"நல்ல கல். முப்பது ரூபாய்க்குப் போகும்."

அன்றிரவு நித்திரை இல்லை.
களி என்பது நெருக்கம்.
கிளிநொச்சிக்குப் போகும் காலை பஸ்ஸில்
மிதிபலகையிலும் ஒரு ஆள் தொற்றுவதுபோலப்
பொடி மணல் அதற்குள் ஏறியிருக்கிறது,
ஒருவருக்கும் இறங்க வழியில்லை.
தண்ணி கேட்டது,
மணிக்கும் மணிக்கும் நடுவில்
ஆர் பேரிலும் உறுதி எழுதாத
ஒரு துண்டு இடம்.

அருளப்பு மேசன், வீட்டுத்திட்டத்து வீடொன்றுக்குப்
பூச்சு மணல் அரித்துக்கொண்டிருந்தார்.
அரிதட்டின் கீழே விழுந்தது அவருக்கு.
மேலே நின்றதைக் கரையில் கொட்டினார்:
குறுணிக்கல், சல்லி, உடைந்த சிப்பி,
ஒன்றோடொன்று ஒத்துப்போகாத முனைகள்.
"இது எனக்கு" என்றேன்.
"பிள்ளை, இது கழிவெல்லோ" என்றார்.
பன்னிரண்டு சாக்கு.

மணல் நிரப்பிப் பழகின கைதான்.
ஒரு காலம் சேலைகளை மூட்டையாய்த் தைத்தும் நிரப்பியது.
என் கூறைச்சேலை, சிவப்புக் கரை,
நாற்பது கிலோ பிடித்தது.
அப்போது எதுவும் ஊடுருவி வரக்கூடாது.
சரி. அது வேறு மணல்.

இந்தச் சாக்குகளைத் துழாவித் துழாவிக் கொட்டினேன்.
ஓட்டுத்துண்டு வந்தது, கிடக்கட்டும்.
சட்டைப் பொத்தான் வந்தது, கிடக்கட்டும்.
கறள் பிடித்த கூர் இரும்பு ஒன்று வந்தது,
அதை மட்டும் எடுத்து மதிலில் வைத்தேன்.
மேற்குப் பாதியில் களிக்குச் சரிபாதி குறுணி,
இரண்டு வண்டில் மாட்டெரு,
மக்கிய பூவரசஞ் சருகு.

முழ ஆழத்தில் கிடங்கு வெட்டி ஒரு வாளி தண்ணி.
கிழக்கில் விடிய ஊற்றினது
நான் வேலையால் வரும்வரை நின்றது,
தும்பி ஒன்று வால் நனைத்துக்கொண்டிருந்தது.
மேற்கில், கேத்தில் கொதிக்க முன்னம்
கிடங்கு வெறுங்கிடங்கு.
மூன்று தரம் ஊற்றினேன்.
நம்பிக்கை இல்லாமல் அல்ல, பார்க்க ஆசை.

ஐப்பசியில் முதல் பெருமழை.
நடுச்சாமம் ரோர்ச்சோடு போனேன்.
தண்ணி வந்தது,
கன்றுகளின் காலடியில் கொஞ்சம் தயங்கியது,
போய்விட்டது.
மண்ணுக்குள் அது இறங்குகிற சத்தம் கேட்குமோ என்று
குந்தியிருந்தேன்.
தவளைகள் விடவில்லை.

கிழக்குப் பாதியை அப்படியே விட்டிருக்கிறேன்.
சட்டி கழுவ நல்ல தளம்.
தவமலர் பெயர்த்த துண்டு படலைக்கு அணை,
எந்தக் காற்றுக்கும் அசையாது.
முப்பது ரூபாய்
அவள் இன்னும் தரவில்லை.