அபாயமற்றது

உலோகமானி கத்திய இடத்தில்
நாற்பது நிமிடம் மண்ணைச் சுரண்டினேன்,
முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள்
விட்ட மூச்சையே திரும்பக் குடித்துக்கொண்டு.
அம்பகாமத்துக் காட்டில்
பத்து மணிக்கே வெயில் ஒரு சுமை.
பாலை மரத்துக்கு அப்பால் ஓர் ஆட்காட்டி
என்னைத்தான் யாருக்கோ காட்டிக்கொடுத்தது.

வந்தது
பச்சை பிடித்த ஒரு வட்டம்.
சட்டைப் பொத்தானிலும் சிறிது.
சன்னத்தின் அடிப்பக்கம் என்றே நினைத்தேன்.
ஈர விரலால் துடைக்க
ஒரு கழுத்து வந்தது, ஒரு காது,
தலையில் கட்டிய இலைமாலையின் முடிச்சு.
முகம் வரவில்லை.

"ரோமாபுரிக் காசு" என்றார் அருட்சோதி அண்ணர்,
"மாந்தைத் துறையால் வந்து
யாற்றையோ மடியிலயிருந்து விழுந்திருக்கும்."
"நீரோவோ?" என்றாள் பிரான்சிஸ்கா
சிவப்புத் தலைக் கட்டையை நட்டபடி.
எல்லாருக்கும் அவன் பெயர்தான் முதலில் வருகிறது.
ஊரை எரித்தான் என்று ஒரு கதை போதும்,
இரண்டாயிரம் வருடம் சோறு போட்டு வளர்ப்பார்கள்.

நான் உயர்தரத்துக்கு வரலாறு எடுத்தவள்.
எழுதவேண்டிய வருடம்
எங்கள் பக்கத்தில் பரீட்சை மண்டபம் என்று
ஒரு கூரையும் இருக்கவில்லை.
எழுதாத விடைகள் இன்னும் கையில் கிடக்கின்றன.

புரோபஸ் என்று தொடங்குவேன்.
சண்டை ஓய்ந்ததும்
படையாட்களிடம் மண்வெட்டி கொடுத்தவன்.
சதுப்பை வடியவிடு, வாய்க்கால் வெட்டு,
திராட்சை நடு என்றவன்.
கொஞ்சக் காலத்தில் படையே தேவைப்படாது என்று
வாய்விட்டுச் சொன்னான், அதுதான் பிழை.
வாய்க்காலில் நின்றவர்களே
அவனைத் துரத்திப்போய் வெட்டினார்கள்.
நட்ட காணி யாருடையது என்று
புத்தகத்தில் இல்லை.
இங்கே அந்தக் கேள்விக்குத்தான் முதல் புள்ளி.
ஆகவே அவனுக்கு முழுப் புள்ளி தரமாட்டேன்.

அனஸ்தாசியஸ்.
ஒரு கண் கறுப்பு, மற்றது நீலம்.
கைத்தொழில் செய்கிற ஏழையின் கழுத்தில் கிடந்த வரியை
அறுத்து எறிந்தான்.
பின்னால் வருகிறவன் திரும்பவும் தொடங்காதபடி
பதிவேடுகளையும் கொளுத்தினான்.
எரித்தவர்களில்
இவனை யாருக்குத் தெரியும்?

அன்ரோனினஸ் பயஸ்.
இருபத்துமூன்று வருடம் ஆண்டான்,
தான் ஒரு களத்துக்கும் போகாமல்.
பாடநூலில் அரைப் பக்கம்.
கடைசி இரவில் காவலன் வந்து
அன்றைய கடவுச்சொல் என்ன என்று கேட்க
'மன அமைதி' என்று சொல்லிவிட்டு
நித்திரைபோலத் திரும்பிப் படுத்தான்.
எனக்குத் தெரிந்த கடவுச்சொற்களில்
ஒன்றுகூட அப்படி இருந்ததில்லை.
ஆனால் அவனும் வடக்கே சுவர் கட்டியவன்தான்.
சுவருக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்
இந்த விடைத்தாளைத் திருத்தியிருந்தால்
என்ன போட்டிருப்பார்களோ.

அருட்சோதி அண்ணர் படிவத்தை எடுத்தார்.
பாதை பதினாலு.
ஆழம் எட்டு சென்ரிமீற்றர்.
வகை என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதினார்:
உலோகத் துண்டு ஒன்று. அபாயமற்றது.

ஒரு பேரரசனைப் பற்றி
இதைவிட நல்லதாய் யாரும் எழுதி
நான் வாசித்ததில்லை.

காசு பொலித்தீன் பையில் போனது,
திணைக்களத்துக்குக் கடிதம் போகும்,
பதில் மாரிக்குப் பிறகு வரலாம்.
பத்து நிமிட ஓய்வு முடிய
கவசத்தை இறக்கினேன்.
"அப்ப நீரோ இல்லையோ?"
பிரான்சிஸ்காவுக்கு முகம் வாடிவிட்டது.
அரை அடி தள்ளி
மானி மறுபடி கத்தியது.