மற்ற ஆர்வங்கள்

விண்ணப்பத்தின் ஒன்பதாம் கட்டம் கேட்கிறது:
கணினி தவிர்த்த மற்ற ஆர்வங்கள்.
இருநூறு எழுத்துக்குள்.
இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும்.

எங்கள் ஊரில் இடைவெளி முழுக்கக் காற்று.
புந்தா அரேனாஸின் தெருமுனைகளில்
கயிறு கட்டிவைப்பார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
பன்னிரண்டு வயதில் என் கணக்கு நோட்டு
அந்தக் காற்றோடு நீரிணைக்குள் போனது.
அன்றே நிரல் எழுதத் தொடங்கினேன் என்றால்
தேர்வுக்குழு நம்பிவிடும்.
உண்மையில் தொடங்கியது
அண்ணன் நிபால்டோ விற்கப் பார்த்து
விலைபோகாத மடிக்கணினியில்.
அதில் அடைப்புக்குறி விசை கிடையாது.
ஒவ்வொரு அடைப்புக்குறியையும்
வேறெங்கிருந்தோ வெட்டிவந்து ஒட்டினேன்.

நீரிணைக்கு அக்கரையில் ஓர் ஊர், போர்வெனிர்.
அந்தப் பெயருக்குப் பொருள் வருங்காலம்.
காற்று மிஞ்சினால் துறையை மூடிவிடுவார்கள்.
வருங்காலத்துக்கு நாளை கப்பல் உண்டா என்று
முந்தின இரவே சொல்லும் நிரல்தான்
என் முதல் உருப்படியான வேலை.
கோடை முழுக்கச் சரியாகச் சொன்னது.
ரொட்டிக்கடைக்காரர்கூட
என்னைக் கேட்டுத்தான் மாவு மூட்டை ஏற்றினார்.

ஏப்ரலில் காலை வாரியது.
நான் கோல் காக்கும் ஃபுட்சால் அணிக்கு
அக்கரையில் ஆட்டம்.
எட்டு மணிக்குக் கப்பல் உண்டு, என்றது நிரல்.
உண்டு, என்றேன் நான்.
துறையில் பத்துப் பெண்கள், ஒரு பை பந்து,
பூட்டிய வாயில்.
டாங்கா மிமிட்சா மட்டும் வாயைத் திறந்தாள்:
"உன் கம்ப்யூட்டரை ஒரு தடவை
சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கச் சொல்."
ஒன்பதுக்குக் காற்று படுத்துக்கொண்டது.
அதற்குள் மாலுமிகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

பதினோரு இரவு.
அலகுகளைச் சந்தேகித்தேன்,
காற்றுமானியை, அதன்மேல் படியும் உப்பை,
ஒட்டுப்போட்ட அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக.
அலுத்தால் வெளியே போய்
லெங்கா மரப்பட்டையில் கல்பாசியைப்
பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன்.
அது ஒற்றை உயிரில்லை,
பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம்.
யார் யாருக்கு வாடகை தருகிறார்கள் என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
வருடத்துக்கு ஒரு நகக்கண் அளவுகூட வளராது.
அதன் பக்கத்தில் நின்றால்
பதினோரு இரவு ஒரு தும்மல்.

பன்னிரண்டாம் இரவு, வெறும் தற்செயலாக:
சாந்தியாகோ ஏப்ரலில் கடிகாரத்தைப்
பின்னுக்குத் திருப்பிக்கொள்கிறது.
நாங்கள் திருப்புவதில்லை.
தலைநகருக்கு எட்டு என்றால்
எங்களுக்கு ஒன்பது.
தரவு வந்தது தலைநகரின் மணியில்.
காற்று பொய் சொல்லவில்லை, கணக்கும் சொல்லவில்லை.
நாடு ஒன்று, மணி இரண்டு என்பதை
நான்தான் அதற்குச் சொல்லவே இல்லை.
ஒரே வரி சேர்த்தேன்.
நிரல் பிழைத்தது.

அழுதேன். சந்தோஷத்தில் இல்லை.
அந்த ஒன்பது மணி அமைதியை
பந்துப் பையின்மேல் உட்கார்ந்து
கண்ணால் பார்த்தவள் நான்.
பார்த்தும் கேட்கவில்லை.

ஆட்டம் மே மாதம் நடந்தது.
அவர்களில் பெனால்ட்டி அடிப்பவள்
பத்துக்கு ஏழு தடவை வலப்பக்கம் அடிப்பாள்;
எண்ணி வைத்திருந்தேன்.
வலப்பக்கம் பாய்ந்தேன்.
பந்து நடுவே, உலாவப் போவதுபோல்,
நான் அதுவரை நின்றிருந்த இடம் வழியாக
உள்ளே போனது.
மீதி மூன்றில் ஒன்று.
திரும்பும் கப்பலில் டாங்கா
பாதி சாண்ட்விச்சை நீட்டினாள்.
வெண்ணெய் மட்டும் தடவியது.
இருவரும் வெளியே பார்த்தபடி தின்றோம்.

கட்டத்தில் இப்போது இருப்பது:
கல்பாசி. கோல் காப்பது. சன்னல்.
சன்னல் என்றால் என்ன என்று கேட்பார்கள்.
அழித்தேன். மறுபடி எழுதினேன்.
கடைசி நேரம் இன்று நள்ளிரவு
என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.
யாருடைய நள்ளிரவு என்று போடவில்லை.
சாந்தியாகோவுடையது என்றால்
எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.