மூன்றாம் அலைவரிசை

வியாழன், நாலரை. ரீட் அவனியூவில் மழை.
விரிவுரை மண்டபத்தின் பின்சுவரோடு
ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நான்,
தண்ணீர்ப் போத்தல், நேற்றிரவு வந்த சொற்பட்டியல்,
இரண்டு தடவை தட்டிப் பார்த்த ஒலிவாங்கி.
ஒன்றில் ஆங்கிலம். இரண்டில் சிங்களம்.
மூன்றாம் அலைவரிசை என் தொண்டை.

போன மாதம் வௌவால்கள்.
அதற்கு முதல் கடன் மறுசீரமைப்பு.
ஒரு வானியலாளருக்காக
செத்துப்போன நட்சத்திரமொன்றை
ஒன்றரை மணித்தியாலம் சுமந்திருக்கிறேன்.
எதையும் படித்தவளில்லை,
எல்லாவற்றையும் ஒருமுறை சொன்னவள்.
பஸ் தெஹிவளைப் பாலம் ஏறுமுன் எல்லாம் உதிர்ந்துவிடும்.
'வண்டல்' என்ற சொல் மட்டும்
ஏனோ ஒரு கிழமை நாக்கில் கிடந்தது.

சில வியாழன்களில்
தமிழ் கேட்க ஒருவரும் இருப்பதில்லை.
ஆளில்லாத காதுக்கும்
வாக்கியத்தை முடித்துத்தான் கொடுக்கவேண்டும்.

இன்றைக்கு வரிசைகளின் கணிதம்.
மெல்பேர்னிலிருந்து பேராசிரியர் விதானாரச்சி,
வெள்ளைப் பலகையில் இரண்டு கிரேக்க எழுத்துகள்:
வருகை வீதம், சேவை வீதம்.
காத்திருக்க முடியாமல் விலகிப் போகிறவர்களுக்கும்
ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.
'இடைவிலகுவோர்' என்றேன், அந்தரத்தில்.
அவர் வினையை முதலிலேயே தந்துவிடுகிறார்.
எங்கள் மொழியில் அது கடைசியில்தான் நிற்கும்.
வாய்க்குள் அதைப் பிடித்துக்கொண்டு
நானும் காத்து நிற்கிறேன்
எழுவாய் எல்லாம் கடந்து போகும்வரை.

கேள்வி நேரம்.
பின்னாலிருந்து மூன்றாம் வரிசை, காக்கிச் சட்டை,
தொப்பிக்கு மேலால் ஹெட்போன்.
இன்றைக்கு என்னிடமிருந்த ஒரே காது அது.

"பேர் மரியநேசன். ஓட்டோ ஓடுறனான்.
மிஸ், உங்கட கணக்கில ஆக்கள் வருகினம்,
அலுவல் முடியுது, போகினம்.
நான் வெள்ளவத்தை செட்டில
ரெண்டு ராவும் ஒரு பகலும் நிண்டனான்.
பெற்றோல் வரேல்ல.
எனக்கு முன்னால ஒரு பச்சை ஓட்டோ.
நான் தேத்தண்ணி வாங்கப் போனன், அவருக்கும் சேத்து.
வந்து பாத்தா வரிசை நகருது,
அவர் தள்ள இறங்கேல்ல.
இப்ப அவரை எதில போடுறது?
விலகினவரோ?
இன்னும் நிக்கிறவரோ?"

பேசுகிறவர் 'நான்' என்றால்
நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும்.
பயிற்சியில் முதல் நாள் படித்தது.
ஆங்கிலத்தில் நான் தேத்தண்ணி வாங்கப் போனேன்.
ஆங்கிலத்தில் இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தேன்.
மண்டபம் முழுக்கத் தலை திருப்பி
கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தது.
எழுந்து நின்ற மனிதனை ஒருவரும் பார்க்கவில்லை.
எனக்குக் குரல் கொஞ்சம் பிசகிவிட்டது;
அது மொழிபெயர்ப்பில் சேராது.

பேராசிரியர் மார்க்கரை மூடினார், திறந்தார்.
சேவை வீதம் பூச்சியமானால்
சூத்திரம் உடைந்துபோகும், அவ்வளவுதான் தெரியும் என்றார்.
பிறகு, மெதுவாக, சிங்களத்தில்:
"என் தம்பியும் பொரளையில் நின்றான்."
அதையும் சொன்னேன். அந்த ஒரு காதுக்கு.
அவர் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
தலையாட்டியது மாதிரி இருந்தது.

வெளியே மேசையில் மீன் பற்றிஸ், தேத்தண்ணி.
அதற்கும் வரிசைதான்.
மரியநேசன் நின்றார்,
முன்னால் ஓர் ஆள் அளவு இடம் விட்டு.
முதலாம் வருடப் பொடியன் ஒருத்தன்
வெறுமையென்று நினைத்து அதில் நுழைந்தான்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார்.

ஹெட்போனைத் திருப்பித் தந்து
அடையாள அட்டையை வாங்கிப் போய்விட்டார்.
பஞ்சில் இன்னும் சூடு.

அடுத்த வியாழன் பவளப்பாறைகள்.
நாற்பத்திரண்டு சொற்கள் அனுப்பியிருக்கிறார்கள்,
பதினொன்றுக்குத் தமிழ் இல்லை.