கடைசி ஏழு

ஆறு கூடைகள்தான்.
புளோக் நானூற்றுப் பதினேழுக்கும் கால்வாய்க்கும் நடுவே
எதுவும் கட்டத் தோதில்லாத முக்கோணப் புல்வெளியில்
கம்பத்துக்குக் கம்பம் சங்கிலி தொங்க
ஆறே ஆறு.
துணி காயப்போடவா என்று கேட்டிருக்கிறார்கள்.
ஒருவர் கேட்கவே இல்லை,
குடித்து முடித்த கோப்பிப் பையைப் போட்டுவிட்டுப் போனார்.

எழுதும்போது வட்டு.
பேசும்போது தட்டு.
ருஸைனி பிங்கான் என்பான்.
அவர்கள் மொழியில் அதுவும் தட்டுதான்;
எங்கள் பீங்கானுக்கு எந்த வழியில் உறவோ.

ஞாயிறு காலை ஏழு மணி.
அவன் கடைசி இரவுப் பேருந்தை நிறுத்திவிட்டுத்
தூங்கியும் தூங்காமலும் வருவான்.
நான் சரக்குக் கிடங்கில் விடிய விடியப்
பெட்டி எண்ணிவிட்டு வருவேன்.
இங்கேயும் எண்ணிக்கைதான்.
ஆனால் குறைந்தால் யாரும் விசாரிக்க மாட்டார்கள்,
குறைந்தால்தான் வெற்றி.

முதல் கூடைக்குத் தூங்குமூஞ்சி மரத்தின்
தாழ்ந்த கிளைக்கு அடியில் வீச வேண்டும்.
இரண்டாவதில் காத்திருக்க வேண்டும்,
உடற்பயிற்சி மூலையில் இருப்பவர்கள்
கைகளை மெல்ல இறக்கி முடிக்கும்வரை.
மூன்றாவது கால்வாயோரம்.
என் வலக்கை வீச்சு
நேராகப் போவதுபோல் போய்
கடைசியில் இடப்பக்கம் சாயும்.
கால்வாய் இடப்பக்கம்.

டிசம்பர். முந்தைய நாள் பெய்த மழை
தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
ஆரஞ்சு வட்டு ஒருமுறை கவிழ்ந்தது,
மல்லாந்தது,
பாலத்துக்கு அடியில் நுழைந்து போயேபோனது.
சக்கரமாக இருந்தால் கைக்குத் திரும்பும்.
இது பதினெட்டு வெள்ளிப் பிளாஸ்டிக்.
"ஜொகூர்ல யாராவது சோறு போட்டுச் சாப்பிடட்டும்"
என்றான் ருஸைனி,
தண்டனை ஒன்று சேர்த்து
ஐந்து என்று குறித்துக்கொண்டே.

பத்தொன்பது நாள் கழித்துத் தொலைபேசி.
"கோமளவல்லிங்களா?"
புதுக்கோட்டைப் பக்கத்துக் குரல்.
"ஒங்க தட்டு கெடச்சிருக்குக்கா."

அடியில் மார்க்கரால் எழுதியிருந்தேன்,
பெயரும் எட்டு எண்களும்.
கடைசி எண்ணைத் தண்ணீர் தின்றுவிட்டதாம்.
பூஜ்ஜியத்திலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறார்.
ஒன்றில் சீனத்தில் திட்டு.
மூன்றாவது இணைப்பிலேயே இல்லை.
ஐந்தில் ஒரு குழந்தை எடுத்து
வெகுநேரம் டைனோசர் பற்றிப் பேசியதாம்,
வைக்க மனசு வரவில்லையாம்.
"ஏழுல நீங்க."

சொன்ன இடத்துக்குப் போனேன்.
குப்பை தடுக்கும் மிதவைக்கு மேலே
கம்பி வேலியில்
ரஃபியா கயிற்றால் பொட்டலம்போல் குறுக்கே கட்டித்
தொங்கவிட்டிருந்தது.
கழுவியிருந்தது.
விளிம்பில் பல் பதிந்திருந்தது,
உடும்போ நாயோ.
லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு
அடுத்த கால்வாய்க்குப் போயிருந்தது.

நன்றி சொல்ல அழைத்தேன்.
மாயழகு என்று பெயர் சொன்னார்.
பின்னால் யாரோ தண்ணீர் பீய்ச்சும் சத்தம்.
"என்ன வெளையாட்டுக்கா அது?"
சொன்னேன்.
"எறிஞ்சத நீங்களேவா போயி எடுக்கணும்?"
ஆமாம் என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"எங்க வேலையும் அதேதாங்க்கா.
எறியிறது மட்டும் வேற ஆளு."
சிரித்தாரா, மூச்சு வாங்கினாரா,
இன்னும் தெரியவில்லை.

இந்த ஞாயிறு மூன்றாவது கூடையில்
புறங்கையை விட்டு உள்ளங்கை வீச்சு வீசினேன்.
வலப்பக்கம் சாய்ந்து
தெம்புசு மரத்தில் டொக்கென்று மோதி
வேரிடுக்கில் செருகிக்கொண்டது.
இரண்டு மைனாக்கள் விலகி நின்று பார்த்தன.
நான்கு என்று எழுதினான் ருஸைனி,
தட்டைத் திருப்பிப் பார்த்தான்,
ஒரு எண் குறைகிறதே என்றான்.

மார்க்கர் காய்ந்துவிட்டது என்று சொன்னேன்.
சட்டைப்பையில்தான் இருந்தது.