வெள்ளிக்கிழமைக் கஞ்சி

ரூவியில் எங்கள் பதினோரு பேருக்கும் ஒரே அடுப்பு.
வாரத்தில் ஆறு நாள் குக்கர்;
குக்கர் சோற்றில் கஞ்சி ஏது?
வெள்ளிக்கிழமை மட்டும் மஸ்தான்கனி
பெரிய குண்டானைச் சாய்த்து வடிப்பார்.
"உப்புப் போடல. உனக்காகத்தான்."
உப்பிருந்தால் துணி காற்றின் ஈரத்தைக் குடிக்கும்,
அவருக்கும் தெரிந்துவிட்டது.

பாஸ்மதிக் கஞ்சி வெறும் தண்ணீர், துணி அதை மதிக்காது.
எதிர் அறை மலையாளிகளின் மட்டைக் கஞ்சி
வெள்ளையைப் பழுப்பாக்கும்.
பொன்னிதான் சரி.

கடையில் ஸ்பிரே டின் உண்டு.
எண்ணூறு பைசா. டிராயரில் பூட்டு.
அது டிஷ்டாஷாக்களுக்கு.
எனக்கு டிஷ்டாஷாக்கள் விட்ட மிச்சம்:
கடுகு நிறம், புறா நிறம், கத்திரிப்பூ,
பெருநாள் அவசரத்தில் விழுந்த நாலு வகை வெள்ளை.
அடியில் சுருண்டு வழுக்கும் சிவப்பு ரேயான்,
பக்கத்துக் கடை அப்துல் பாசித் கொடுத்தது.

முதலில் வெறும் தண்ணீரில் நனைக்க வேண்டும்.
சுருங்குகிறவை இப்போதே சுருங்கிக்கொள்ளட்டும்.
சிவப்பு தனி வாளியில், வினிகரோடு.
மூன்று தண்ணீர் மாற்றியும் சாயம் விட்டது,
நாலாவதில் அடங்கியது.
அடங்காததை வெள்ளைக்குப் பக்கத்தில் தைக்க முடியுமா?

பிறகு கஞ்சி, முழங்கை வரை.
பழைய பனியனில் வடிகட்டி.
ஒரு பருக்கை தங்கினாலும்
இஸ்திரிப் பெட்டி காட்டிக்கொடுக்கும்.

மாடியில் போட்டால்
மலைச்சூடு மதியத்துக்குள் முறுக்கிவிடும்,
சாயங்காலக் கடற்காற்று மறுபடி தொளதொளக்க வைக்கும்.
ஏசிக்கு எதிரே கொடி கட்டினேன்.
நைட் ஷிப்ட் முடித்த இன்பராஜ்
கொடிக்கு நேர் கீழே தூங்கினான்.
ஒரு சொட்டு அவன் புருவத்தில் விழுந்து
அங்கேயே காய்ந்து இறுகியது.
எழுந்து கண்ணாடி பார்த்தான்:
"ஒரு புருவம் மட்டும் மேனேஜர் ஆயிருச்சே."

விறைத்த துணிதான் சொன்னபடி கேட்கும்.
வழுக்கும் ரேயான்கூட அட்டையாய்ப் படுத்தது.
ஸ்கேல் வைத்து, இரண்டரை இஞ்ச்,
உருளைக்கத்தி ஒரே இழுப்பு.
மெடிக்கல் வரிசையில் நாங்கள் நின்றதும் இப்படித்தான்,
கைகளை ஒட்டி, மூச்சை உள்ளே பிடித்து.

அப்போது இன்பராஜ் தன் கவராலோடு வந்தான்.
கம்பெனி நீலம். முழங்காலில் தீப்பொறி ஓட்டைகள்.
"இதையும் சேரு."
பாலியஸ்டர் கஞ்சி குடிக்காது.
இரண்டு தரம் முக்கினேன்,
ஊற்றியதை அப்படியே திருப்பித் தந்தது.
சோப்பு வில்லையால் கோடு போட்டு வெட்டினேன்.
ஒரு முனை இரண்டரை,
மறுமுனை மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.
இன்னொரு தரம் வெட்டத் துணி இல்லை.

மூன்று வெள்ளிக்கிழமை போயிற்று.
புதுப் போர்வைக்குள் அவன் புரண்டால்
அப்பளம் நொறுங்கும் சத்தம்.
ஏசி பதினாறில்.
ரிமோட்டை யாரும் தேடவில்லை.

மாதக் கடைசியில் துவைத்தோம்.
கலங்கல் கலங்கலாய்க் கஞ்சி
குளியலறை ஓட்டையில் இறங்கிப் போனது.
பட்டைகளெல்லாம் தொய்ந்து
அவரவர் சுபாவத்துக்குத் திரும்பின.
அந்தக் கோணல் நீலம் மட்டும்
வந்தபோது எப்படியோ அப்படியே.

மஸ்தான்கனி எட்டிப் பார்த்தார்.
"அத்தனை சோத்துத் தண்ணியும் போச்சா?"
போச்சு என்றேன்.
கொஞ்ச நேரம் குண்டானைத் தேய்த்தார்.
"அடுத்தது எனக்கு," என்றார்,
"சிவப்பு கொஞ்சம் கூடப் போடு."