கைப்பிடியில் ஒரு துளை

மருத்துவமனையில் தந்த அட்டையில்
கஷ்வின் பெயருக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி.
அன்றிரவே சேலை அலமாரியைக் கவிழ்த்துப்
பாச்சை உருண்டைகளைப் பொறுக்கினேன்.
பதினேழு.
கூறைப்புடவை மடிப்பில் கடைசி ஒன்று,
பாதி கரைந்து, பால்பல் போல.

அதற்குப் பிறகு வீட்டின் மேல் நம்பிக்கை போயிற்று.
பழைய ஜப்பான் சிலிப்பரை அறுத்து
மேசை முனைகளில் ஒட்டினேன்.
கேத்தல் வயரைச் சுருட்டி ரப்பர் போட்டேன்.
சாமிப்படம் ஓர் அடி மேலே போனது;
முருகனுக்கு விளக்கேற்ற
இப்போது குதிகால் எக்க வேண்டியிருக்கிறது.
நாளை தண்ணீர் வராது என்று தெரிந்தாலும்
குளியலறை வாளி கவிழ்ந்தே கிடக்கும்.
அவன் உறங்கும் நேரம்
முழங்காலில் ஊர்ந்து வீட்டைப் பார்த்தேன்.
அவன் உயரத்தில் அது வேறு வீடு:
சோபாவுக்கடியில் ஐந்து சென், ஒரு திருகாணி,
எங்கள் இருவரில் யாரோ
தேடாமலே விட்ட மாத்திரை.

நைட் ஷிப்டுக்குச் சட்டை மாட்டியபடி
குணாளன் சிரித்தார்:
"பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில்கூட
இவ்வளவு பாதுகாப்பு இல்லை."

புதன்கிழமை காலை. பின்கட்டில் துணி காயப்போட்டேன்.
மூன்று சட்டை, ஒரு துண்டு, அவ்வளவுதான்.
திரும்பினால் அறைக்கதவு சாத்தியிருந்தது.
உருண்டைக் கைப்பிடி. உள்பக்கம் நடுவில் ஒரு பித்தான்.
அழுத்தினால் பூட்டு.
அதை நான் எண்ணவே இல்லை.

கதவுக்கு அப்பால் சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு பதின்மூன்றாம் மாடி.
ஞாயிறன்றுதான் புழுக்கம் தாங்காமல்
கட்டிலை ஜன்னலோரம் தள்ளியிருந்தோம்.
ஜன்னலின் ஒன்பது கண்ணாடிப் பலகைகளில்
இரண்டு இல்லை.
கம்பி, அடுத்த மாத ஓவர்டைமில்.

சாவி வீட்டுக்காரரிடம். வீட்டுக்காரர் ஈப்போவில்.
தோளால் மோதினேன். அவன் அழுதான்.
அழட்டும் என்றது மனம்,
அழுகை கீழிருந்து வருகிறது,
தரையில்தான் இருக்கிறான்,
தரையில்தான்.
அழுகை நின்றது.

என் சத்தத்துக்கு எதிர்வீட்டுச் சைத்தோன் அக்கா வந்தார்.
பசார் மாலாம் கடைக்கு இறைச்சி கோத்துக்கொண்டிருந்தவர்,
விரலெல்லாம் மஞ்சள்.
என்ன என்று கேட்கவில்லை. குனிந்தார்.
கைப்பிடியின் நடுவில் ஒரு துளை,
நான்கு வருடம் பிடித்துத் திருகியும்
என் கண்ணில் படாத துளை.
கையோடு வந்திருந்த சாத்தே குச்சியை நுழைத்து
ஓர் அழுத்து.
டக்.

"என் மூணு பிள்ளைகளும் பூட்டியிருக்கு"
என்றார் மலாயில்,
முந்தானையில் கை துடைக்கும் பெண்களைப் போல
துடோங் நுனியில் விரலைத் துடைத்தபடி.

கஷ்வின் கட்டிலோரம் நின்றிருந்தான்.
நின்றிருந்தான்.
போர்வையின் தொங்கலைப் பற்றி, இரண்டு காலில்,
ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து.
பதினொரு மாதத்தில் முதல் தடவை.
அதைப் பார்க்க அறையில் யாரும் இல்லை.

அன்றே கட்டில் உள்சுவருக்குப் போனது.
பித்தான் மேல் பிளாஸ்டர், மூன்று சுற்று.
என் தோட்டை அடகு வைத்தோம்; வெள்ளிக்கிழமை
கம்பி வந்தது, பச்சைப் பெயிண்ட் காயாமலே.
குணாளனிடம் நான் சொன்னது பாதி.
மீதியைப் பிளாஸ்டரைப் பார்த்து
அவரே கணக்குப் போட்டிருப்பார்;
ஜன்னலருகே வெகுநேரம் நின்றார்.

குச்சியை அக்கா திருப்பி வாங்கவில்லை.
கதவுச் சட்டத்தின் மேல் வைத்திருக்கிறேன்,
இன்னொரு நாளுக்கு.
அதன் முனை கூர்.
நேற்று மாலை
நான் போட்ட இடத்தில் இல்லை நாற்காலி.
கதவுப் பக்கம்
இரண்டடி நகர்ந்திருந்தது.