பறிமுதல் பதிவேடு

மேலூர் அரசுப் பள்ளியில்
பூட்டுகிற பீரோ வேதியியல் ஆய்வகத்தில் மட்டும்தான்.
அதனால் ஆய்வக உதவியாளனான என்னிடம்
பறிமுதல் பதிவேடும் வந்து சேர்ந்தது.

கைப்பேசி ஒன்று, திரை விரிசல்.
சிவப்புச் சீப்பு.
சேவல் காலில் கட்டும் கத்தி, துணி சுற்றியது.
கடைசிப் பரீட்சைக்கென்று வாங்கிய சாயப்பொடி.
இப்படி நூற்றிப் பதின்மூன்று.

நூற்றிப் பதினான்கில்
முதன்முதலாக எழுதினேன்: புத்தகம், 1.
பத்தாம் வகுப்பு 'ஆ', மு. ஷிபானா பர்வீன்.
காரணம் என்ற கட்டத்தில், அவசரத்தில்: வாசித்தாள்.

மதியச் சோறு தின்று கைகழுவி
சைக்கிள் கொட்டகை நிழலில்
உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாளாம்.
பார்த்து வந்து சொன்னது யாரென்று எழுத
பதிவேட்டில் கட்டமில்லை.

"இன்னைக்கு இது, நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வருவாங்க.
பெறகு யாரு பாக்குறது?" என்றார் தலைமையாசிரியர்.
கெட்டவர் இல்லை.
கையில் கட்டிய கயிற்றின் நிறத்துக்காக
இரண்டு பையன்கள் மண்டையை உடைத்துக்கொண்ட அன்று
தன் துண்டால் ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடி
ஆட்டோவில் போனவர் அவர்தான்.
அந்தத் துண்டை வைத்துத்தான்
இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறார்.

அவர் சொன்னபடியே மறுநாள் வந்தது.
நூற்றிப் பதினைந்து: ஜிப் வைத்த கறுப்பு உறை,
தாளோரம் தங்க நிறம், ஒன்பதாம் வகுப்பு ஏ. ஜெரின்.
பக்கத்து பெஞ்சுக்கு நோட்டீசும் கொடுத்திருக்கிறான்.
"நீ வாசி, அது ஒம் பாடு. அவன் கையில திணிக்காத" என்றேன்.
தலையாட்டினான். புரிந்ததா தெரியாது.
நூற்றிப் பதினாறு: விரல் நீளத் துதிப் புத்தகம்,
திறந்தால் திருநீறு கொட்டுகிறது, அ. ஆண்டிச்சாமி.
கணக்குப் பரீட்சைக்கு மட்டும் சட்டைப்பையில் வைப்பானாம்.

எனக்குச் சாமி இல்லை.
கழுத்தளவு கடனிலும் கோயில் பக்கம் போகாதவர் என் அப்பா.
ஆனாலும் விவரம் எழுதப் பிரித்தபோது
ஷிபானாவின் புத்தகத்தில்
அடையாளத்துக்கு ஒரு மகளிர் இலவசப் பயணச்சீட்டு.
அந்தப் பக்கத்து ஓரத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
அழித்திருந்தாள்.
அழித்த இடத்திலேயே மறுபடி போட்டிருந்தாள்.
கிரானைட் லாரி போய் ஜன்னல் அதிர்ந்து அடங்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆண்டிச்சாமி வந்தான்.
கையில் தமிழ்ப் பாடநூல்.
"அண்ணே, இதையும் எழுதிக்கிருங்க."
விரித்துக் காட்டிய இடமெல்லாம் மனப்பாடப் பகுதி:
சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று,
சிலுவையில் தொங்கியவருக்கு, நபிக்கு,
கடவுளே இல்லையென்ற முனிவருக்கும் ஒன்று.
அடி பிறழாமல் எழுதினால் முழு மதிப்பெண்.
"மார்க்கு உண்டுன்னா வாசிக்கலாம்,
மார்க்கு இல்லாட்டி வாசிக்கப்படாதாண்ணே?"

நக்கலா, நிஜமா என்று அவன் முகத்தில் தேடினேன்.
பதிலும் இல்லை என்னிடம்.
பாடநூலோடு அவனைத் தலைமையாசிரியரிடம் கூட்டிப்போனேன்.

முதலில் சிரித்தார்.
முப்பது வருடம் தமிழ் நடத்தியவர்,
அந்தப் பாட்டையெல்லாம் ராகம் போட்டுச் சொல்பவர்.
பிறகு சிரிப்பு நின்றது.
மைதானத்தில் யாரோ பந்தைக் கூரைமேல் அடித்தார்கள்.
அவர் திட்டவில்லை.
"குடுத்துரு. கையெழுத்து வாங்கிக்க.
நோட்டீசு மட்டும் வேணாம்."

மூன்று பேரும் வந்தார்கள்.
ஜெரின் ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.
ஆண்டிச்சாமி கையெழுத்தில்
'ண்'ணுக்கு ஒரு சுழி குறைவு.

தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் என்ன சொல்வேன்,
'வாசித்தாள்' என்று நிற்கிறதே காரணம்.
அடிக்க மனசில்லை.
மாற்றி எழுத வேறொன்றும் இல்லை.

பீரோவிலிருந்து எடுக்கையில்
பயணச்சீட்டு எப்படியோ கீழே விழுந்திருந்தது.
பக்கம் தெரியாமல் எங்கேயோ செருகிக் கொடுத்தேன்.
ஷிபானா படியிலேயே நின்று
தாள் தாளாகப் புரட்டினாள்.
மணி அடித்தது.
அவள் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தாள்.